தரநிலை எழுத ஏன் இத்தனை வருடம்? சி++ குழு ஒன்றின் கேள்விக்குப் பதில்

கேள்வி: கோவையில் தொழிற்சாலை இயந்திரங்களுக்கான கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் குழு இன்னும் சி++ நிரல் மொழியின் 2017 பதிப்பான சி++17-இல்தான் இருக்கிறது. சி++23 முடிந்துவிட்டது என்று 2023 பிப்ரவரியிலேயே செய்தி வந்தது. ஆனால் சர்வதேசத் தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓ அதை வெளியிட்டது 2024 அக்டோபரில். ஃபங்ஷனுக்குள் நுழையும்போதும் திரும்பும்போதும் உண்மையாக இருக்க வேண்டிய நிபந்தனைகளை எழுத உதவும் காண்ட்ராக்ட்ஸ் என்ற வசதி 2018-இல் வரைவுக்குள் வந்தது, 2019-இல் வெளியே போனது, இப்போது சி++26 வரைவில் மறுபடி இருக்கிறது. இவ்வளவு கெட்டிக்காரர்கள் கூடிப் பேசும் இடத்தில் ஏன் இத்தனை இழுபறி? நாங்கள் எதற்காகக் காத்திருக்க வேண்டும், எதற்காகக் காத்திருக்க வேண்டாம்?

பதில்: நீங்கள் குறிப்பிட்ட தேதிகள் சரி. ஆனால் இரண்டும் ஒரே மாதிரித் தாமதம் இல்லை. 2023 பிப்ரவரியிலிருந்து 2024 அக்டோபர் வரை போன இருபது மாதம் அலுவலக நடைமுறைக்கான காலம். அந்தக் காலத்தில் மொழியின் உள்ளடக்கத்தில் புதிதாக எதுவும் சேரவில்லை. காண்ட்ராக்ட்ஸுக்குப் போன ஏழு வருடத்தில்தான் உண்மையான வேலை நடந்தது. முதலாவதை நீங்கள் தாராளமாக மறந்துவிடலாம். இரண்டாவது ஏன் அப்படி நீள்கிறது என்று தெரிந்தால், எதை எப்போது எடுக்கலாம் என்பதை உங்கள் குழுவே முடிவு செய்துகொள்ளும்.

அலுவலகக் காலத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மொழியின் விதிகளைச் சொல்லும் ஆவணமான சி++ தரநிலையை எழுதுவது ஐஎஸ்ஓ, மின்துறைத் தரநிலை அமைப்பான ஐஇசி இரண்டும் சேர்ந்து நடத்தும் அமைப்பின் கீழுள்ள டபிள்யூஜி21 என்ற பணிக்குழு. சி++23-க்கு 2022 ஜூலையில் குழு வரைவு தயாரானது. அதற்குப் பிறகு புது வசதி எதையும் சேர்ப்பதில்லை. உறுப்பு நாடுகளின் தரநிலை அமைப்புகள் அதைப் படித்துக் குறைகளை எழுதி அனுப்பின. 2022 நவம்பரில் கோனாவிலும் 2023 பிப்ரவரியில் இசகுவாவிலும் நடந்த கூட்டங்களில் அவை ஒவ்வொன்றுக்கும் பதில் முடிவானது. நீங்கள் படித்த "முடிந்துவிட்டது" அதுதான். பிறகு ஆவணம் ஐஎஸ்ஓ தலைமையகத்துக்குப் போகிறது. அங்கே அவர்களுடைய பதிப்பு விதிகளுக்கு ஏற்றதா என்ற சரிபார்ப்பு, உறுப்பு நாடுகளின் பன்னிரண்டு வார வாக்கெடுப்பு, பிறகு பிரசுரம். வாக்களிக்கும் முழுப் பங்கேற்பு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். மொத்த வாக்குகளில் கால் பங்குக்கு மேல் எதிர்ப்பு இருக்கக் கூடாது. சி மொழியின் சி23-ம் இதே வரிசையில் நின்று அதே 2024 அக்டோபரில்தான் வெளிவந்தது. நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரை எழுதுபவர்கள் இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. என்4950 என்ற எண்ணுள்ள இலவச வரைவு சி++23-இன் இறுதி வடிவத்துக்கு மிக நெருக்கமானது. அன்றாட வேலைக்கு அதுவே போதும். காசு கொடுத்து ஐஎஸ்ஓ பிரதி வாங்க வேண்டிய தேவை, ஒப்பந்தத்திலோ சான்றிதழிலோ அதைக் கேட்கிறவர்களுக்குத்தான்.

இனி நிஜமான தாமதம். தரநிலைக் குழு வருடத்துக்கு மூன்று முறை கூடுகிறது, ஒவ்வொரு முறையும் திங்கள் முதல் சனி வரை. கூட்டத்துக்குச் சில வாரம் முன்பே முன்மொழிவுகளை அனுப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் யாரும் படித்திருக்க மாட்டார்கள். மொழி வசதி ஒன்று முதலில் துறை சார்ந்த ஆய்வுக் குழுவுக்குப் போகும். பிறகு வடிவமைப்பைப் பார்க்கும் பரிணாமக் குழு, அதன்பின் வாசகத்தைப் பார்க்கும் மையக் குழு, கடைசியில் எல்லோரும் வாக்களிக்கும் பொது அமர்வு. லைப்ரரி வசதி என்றால் இதே போல் இன்னும் இரண்டு குழுக்கள். எந்தக் கட்டத்திலும் "இந்த ஒரு இடத்தை மட்டும் திருத்திக் கொண்டு வாருங்கள்" என்று சொன்னால், அந்த ஒரு இடத்தின் விலை பெரும்பாலும் நான்கு மாதம். கொரோனாவுக்குப் பிறகு இடையிடையே இணையவழிக் கூட்டங்கள் நடப்பதால் சில வேலைகள் சீக்கிரம் நகர்கின்றன. பெரிய முடிவுகள் இன்னமும் நேரில் கூடும்போதுதான். வடிவமைப்பில் இரண்டு திருத்தம், வாசகத்தில் இரண்டு திருத்தம் என்று வைத்துக்கொண்டாலே ஒன்றே கால் வருடத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. யாரும் கடுமையாக எதிர்க்காத முன்மொழிவுக்கே இந்தக் கணக்கு. எழுதுபவர்களுக்கு ஐஎஸ்ஓ சம்பளம் கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுவனம் அனுமதித்த நேரத்திலோ சொந்த நேரத்திலோதான் அவர்கள் இதைச் செய்கிறார்கள்.

உட்குழுக்களில் வாக்கெடுப்பு ஆம், இல்லை என்று நடப்பதில்லை. வலுவான ஆதரவு, ஆதரவு, நடுநிலை, எதிர்ப்பு, வலுவான எதிர்ப்பு என ஐந்து நிலை. இருபது பேர் ஆதரித்து எட்டுப் பேர் வலுவாக எதிர்த்தால் பெரும்பாலும் அந்த முன்மொழிவு நகராது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது பிடிவாதமாகத் தெரியலாம். ஆனால் குழுவுக்கு யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் கிடையாது. ஜிசிசி, கிளாங், மைக்ரோசாஃப்ட் கம்பைலர் எழுதுகிறவர்கள் செய்ய மாட்டோம் என்றால் தரநிலையில் இருப்பது வெறும் எழுத்து. அது ஒரு முறை நடந்தும் இருக்கிறது. பல டைப்புகளுக்குப் பொதுவாக எழுதும் டெம்ப்ளேட்டின் உடலைத் தனி ஃபைலில் வைக்க உதவும் எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட் என்ற வசதியை சி++98-இல் சேர்த்தார்கள். அப்போது அதைச் செய்து காட்டிய கம்பைலர் ஒன்றுகூட இல்லை. பிறகு எடிசன் டிசைன் குரூப் என்ற நிறுவனம் மட்டும் அதைக் கட்டி முடித்தது. அந்த நிறுவனத்தின் அனுபவத்தை ஆதாரமாக வைத்து, குழு உறுப்பினர்களான ஹெர்ப் சட்டரும் டாம் பிளமும் 2003-இல், இந்தச் செலவுக்கு இது தகாது என்று மற்றவர்களுக்கு விளக்கி எழுதினார்கள். சி++11-இல் அதை நீக்கினார்கள். செய்து பார்க்காததைத் தரநிலையில் எழுதாதே என்ற பாடம் குழுவுக்கு அப்படித்தான் வந்தது. அந்தப் பாடத்தைக் கடைப்பிடிக்க நாள் பிடிக்கிறது.

பெரிய வசதிகளைப் பார்த்தால் சச்சரவுதான் கண்ணில் படும். வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கச் சின்ன விஷயம்தான் ஏற்றது. ஒரு தொகுப்பில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ரேஞ்ச் ஃபார் லூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபங்ஷன் ஒரு ஆளைப் பற்றிய ஆப்ஜெக்ட்டை மதிப்பாகத் திருப்பித் தருகிறது. அந்த ஆப்ஜெக்ட்டின் பெயரைத் தரும் மெம்பர் ஃபங்ஷன், உள்ளே இருக்கும் ஸ்ட்ரிங்குக்கு ரெஃபரன்ஸ் தருகிறது. லூப்பின் தலைப்பிலேயே இரண்டையும் சேர்த்து அழைத்து, பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுக்கிறீர்கள். பார்க்க ஒழுங்கான கோடு (code). சி++11 முதல் சி++20 வரை இது செத்துப்போன நினைவகத்தைப் படிக்கும் கோடு.

காரணம், லூப்புக்குத் தரநிலை கொடுத்த விளக்கம். லூப்பை மறைவான சில வரிகளாக மாற்றி எழுதிக்கொள் என்கிறது அது. முதல் மறைவு வரியில் தலைப்பில் இருக்கும் எக்ஸ்பிரஷனுக்கு ஒரு ரெஃபரன்ஸ் உருவாகிறது. ரெஃபரன்ஸோடு நேராகப் பிணைந்த தற்காலிக ஆப்ஜெக்ட்டுக்கு ஆயுள் நீளும் என்பது பழைய விதி. இங்கே ரெஃபரன்ஸ் பிணைந்திருப்பது ஸ்ட்ரிங்கோடு. அந்த ஸ்ட்ரிங்கை வைத்திருக்கும் ஆள் ஆப்ஜெக்ட் இடையில் வந்த தற்காலிகம். அதன் ஆயுள் அந்த மறைவு வரியின் அரைப்புள்ளியோடு முடிகிறது. எழுதியவர் கண்ணுக்கு அந்த அரைப்புள்ளி தெரியவே தெரியாது.

இந்தக் குறை 2009-லேயே மையக் குழுவின் 900-ஆம் பிரச்சினையாகப் பதிவானது. சி++11 வெளிவர இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஆனாலும் 2022 நவம்பர் கோனா கூட்டத்தில்தான் அது சரியானது. பதின்மூன்று வருடம்! யாரும் தூங்கவில்லை. மூன்று வழி இருந்தது, மூன்றுக்கும் எதிர்ப்பு இருந்தது. தற்காலிகங்களின் ஆயுளை எல்லா ரெஃபரன்ஸுக்கும் பொதுவாக நீட்டினால், உலகத்தில் ஏற்கெனவே எழுதப்பட்ட கோடில் ஆப்ஜெக்ட்டை அழிக்கும் டிஸ்ட்ரக்டர் ஓடும் நேரமே மாறிவிடும். லூப்புக்கு மட்டும் நீட்டினால், விதிவிலக்குகள் மலிந்த மொழியில் இன்னொரு விதிவிலக்கு சேரும். கம்பைலர் எச்சரித்தால் போதும் என்றால், பல ஃபைல்களைத் தாண்டிப் போகும் ஆயுளைக் கம்பைலரால் எப்போதும் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியில் லூப்புக்கு மட்டும் நீட்டினார்கள். அதிலும் ஒரு விலை இருந்தது, அதை மறைக்காமல் சி++23-இன் பொருத்தப்பாட்டு இணைப்பிலேயே எழுதி வைத்தார்கள். லூப்பின் தலைப்பில் ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் உள்ளே விடும் பூட்டான மியூட்டெக்ஸுக்கு, தன் ஆயுள் முடிந்ததும் அதை விடுவிக்கும் லாக் கார்டு உருவாக்கி, கமா போட்டு, அதன்பின் வெக்டரை எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். சி++20-இல் லூப்பின் உடலுக்குள் நுழையும் முன்பே அந்தப் பூட்டு விடுபட்டுவிடும். உள்ளே அதே மியூட்டெக்ஸை மறுபடி பூட்டலாம், ஓடும். சி++23-இல் முதல் பூட்டு லூப் முடியும்வரை நிற்கும், உள்ளே பூட்டப் போனால் டெட்லாக், நிரல் அங்கேயே நின்றுவிடும். அப்படி யார் எழுதுவார்கள் என்று கேட்கலாம். யாரோ எழுதியிருப்பார்கள், அந்த யாரோவின் கோடு ஒரு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்ற கவலைதான் இந்த வேலையின் சாரம். உடைவதைவிடச் சரியாவது அதிகம் என்று எல்லோரையும் நம்ப வைக்க வேண்டியிருந்தது.

உங்கள் குழுவுக்கு இதில் நேரடியான செய்தி ஒன்று உண்டு. இந்தத் திருத்தம் கிளாங் 19-லும் ஜிசிசி 15-லும்தான் வந்தது. ஜிசிசி 14-இல் சி++23 வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்லும் கொடியைக் கொடுத்தாலும் பழைய ஆபத்து அப்படியே இருக்கும். ஒரு வசதி கம்பைலரில் இருக்கிறதா என்று எண்ணாகச் சொல்லும் ஃபீச்சர் டெஸ்ட் மேக்ரோ, ரேஞ்ச் ஃபாருக்கு 202211 அல்லது அதற்கு மேல் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாதவரை, திருப்பித் தரும் ஆப்ஜெக்ட்டை முந்தின வரியில் ஒரு பெயருள்ள மாறியில் வாங்கிக்கொண்டு லூப்பை எழுதுங்கள். சி++20 வந்துவிட்டால் லூப்பின் தலைப்பிலேயே அந்த மாறியை அறிவிக்கலாம்.

சின்ன விஷயத்துக்கே இப்படி என்றால் கான்செப்ட்ஸ் போன்ற ஒன்றை நினைத்துப் பாருங்கள். டெம்ப்ளேட்டுக்கு என்ன மாதிரி டைப் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லும் வசதி அது. 2008 செப்டம்பரில் வரைவுக்குள் வந்தது. ஸ்டாண்டர்டு லைப்ரரியின் பகுதிகளை அதை வைத்தே திருத்தி எழுதினார்கள். 2009 ஜூலையில் ஃபிராங்க்ஃபர்ட்டில் நீக்கினார்கள். ஒரு டைப் ஒரு கான்செப்ட்டுக்குப் பொருந்துகிறது என்று ப்ரோக்ராமர் தன் கையால் அறிவிக்க வேண்டுமா, கம்பைலரே கண்டுகொள்ள வேண்டுமா என்ற அடிப்படைக் கேள்வியிலேயே உடன்பாடு இல்லை. கையில் இருந்த சோதனைக் கம்பைலரும் மெதுவாக ஓடியது. வைத்த இடங்களிலிருந்தெல்லாம் அதை வெளியே எடுக்கவும் வாசக வேலை தேவைப்பட்டது. 2010-க்குள் வரும் என்று சி++0எக்ஸ் எனப் பெயரிடப்பட்ட தரநிலை 2011-க்குத் தள்ளிப்போக இதுவும் ஒரு காரணம். பிறகு சிறிய, எளிய வடிவத்தில் 2015-இல் தரநிலைக்கு முன்னோட்டமான தனித் தொழில்நுட்ப விவரக்குறிப்பாக வெளியிட்டு, கம்பைலரில் ஓட்டிப் பார்த்து, 2017-இல் சி++20 வரைவில் சேர்த்தார்கள். இன்று நாம் பயன்படுத்துவது அந்த எளிய வடிவம். 2009-இல் வந்திருக்க வேண்டியதை அப்படியே ஏற்றிருந்தால் அதன் சிக்கலை நாம் இன்னும் சுமந்துகொண்டிருப்போம். அந்த நீக்கம் சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு குழு வழியை மாற்றிக்கொண்டது. வசதி தயாராகும்வரை தரநிலை காத்திருக்காது. மூன்று வருடத்துக்கு ஒரு ரயில் புறப்படும், தயாராக இல்லாத வசதி அடுத்த ரயிலுக்கு நிற்கும். 2014, 2017, 2020, 2023 என்று அது தவறவில்லை. நீங்கள் கேட்ட காண்ட்ராக்ட்ஸ் இந்த ஏற்பாட்டால்தான் 2019 ஜூலையில் கொலோனில் இறக்கிவிடப்பட்டது. முதல் வடிவத்தில் நிபந்தனைகளுக்கு மூன்று நிலை இருந்தன: செலவு குறைந்த வழக்கமான சோதனை, செலவான சோதனை, சோதிக்காமல் உண்மை என்று எடுத்துக்கொள்வது. சோதிக்காத நிபந்தனையை உண்மை என்று வைத்துக் கம்பைலர் ஆப்டிமைஸ் செய்யலாமா என்பதில் குழு பிளந்தது. உங்கள் துறைக்கு இது உயிர் பிரச்சினை. அழுத்தம் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிய நிபந்தனையைக் காரணம் காட்டி, பின்னால் வரும் வரம்புச் சோதனையையே கம்பைலர் நீக்கிவிட்டால் என்ன ஆகும்? கடைசி நேரத்தில் வடிவமைப்பை மாற்றும் முன்மொழிவுகள் குவிந்தன, உடன்பாடு கலைந்தது. தனி ஆய்வுக் குழு அமைத்து, தேவைகளிலிருந்து மறுபடி தொடங்கி, 2025 பிப்ரவரியில் ஹாகன்பெர்க் கூட்டத்தில் சி++26 வரைவுக்குள் கொண்டுவந்தார்கள். இப்போதைய வடிவத்தில் சோதனையைப் புறக்கணிப்பது, பார்த்துச் சொல்லிவிட்டுத் தொடர்வது, சொல்லிவிட்டு நிறுத்துவது, உடனே நிறுத்துவது என்று நான்கு நடத்தைகள். புறக்கணித்த நிபந்தனையை உண்மை என்று எடுத்துக்கொள்ள அனுமதி இல்லை. ஏழு வருடத்தில் கிடைத்த மிகப் பெரிய லாபம் இதுதான்.

வாசகத்துக்கு வருகிறேன். கருத்து ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகு எழுதுவது எளிதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். சி++20 தரநிலை 1,800 பக்கத்துக்கு மேல். சி++23 2,000-ஐத் தாண்டுகிறது. புதிதாக எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் இந்தப் பக்கங்களில் இருக்கும் மற்ற வாக்கியங்களோடு முரண்படாமல் நிற்க வேண்டும். ஒரே நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் வேலைகளான த்ரெட் விஷயத்தில் இது எவ்வளவு ஆழம் போகும் என்று தெரிந்தது. த்ரெட்டுகளை மொழிக்கு வெளியே லைப்ரரியாக மட்டும் கொடுக்க முடியாது, மொழியே நினைவக ஒழுங்கை வரையறுக்க வேண்டும் என்று ஹான்ஸ் போம் 2005-இல் கட்டுரை எழுதிக் காட்டினார். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மாறிகளில் ஒன்றை எழுதும்போது மற்றதையும் தொட்டு எழுதக் கம்பைலருக்கு அதுவரை எந்தத் தடையும் இல்லை. சி++11-இன் மெமரி மாடல் இதைச் சரிசெய்தது, பெரிய சாதனை அது. ஆனால் அதனோடு சேர்ந்து வந்த கன்சியூம் என்ற ஒழுங்குமுறை எழுத்தில் அழகாக இருந்தும் கம்பைலர்களில் பிழைக்கவில்லை. மதிப்புகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் சங்கிலியைக் கம்பைலர் தன் எல்லா ஆப்டிமைசேஷனிலும் காப்பாற்ற வேண்டும் என்று அது கேட்டது. எல்லோரும் அதை, இன்னும் கண்டிப்பான அக்வயர் என்ற ஒழுங்குமுறையாக உயர்த்திக்கொண்டார்கள். சி++17-இல் தரநிலையே இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொன்னது. உங்கள் கோடில் எங்காவது கன்சியூம் இருந்தால் இன்றே அக்வயர் என்று மாற்றிவிடுங்கள்.

ஒரு சின்ன வாக்கியம் எத்தனை தூரம் இழுக்கும் என்பதற்குத் தமிழிலேயே எடுத்துக்காட்டு உண்டு. மாறிக்கு வைக்கும் பெயரில் என்னென்ன எழுத்து வரலாம்? சி++11 முதல் சி++20 வரை எழுத்து எண்களின் நீண்ட எல்லைப் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் பல எமோஜிகள்கூட உள்ளே வந்துவிட்டன. சி++23 அதைத் தூக்கிவிட்டு யூனிகோடின் அடையாளப்பெயர் பட்டியலையே ஏற்றது. பெயர்கள் என்எஃப்சி என்ற இயல்பாக்க வடிவத்தில் இருக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்தது. இதன்படி தமிழ்ப் பெயர்கள் செல்லும். உயிர்க்குறியும் புள்ளியும் முதலெழுத்துக்குப் பிறகு வரலாம். ௧ போன்ற தமிழ் இலக்கம் முதலிடம் தவிர மற்ற இடத்தில் வரலாம். பத்தைக் குறிக்கும் ௰ எங்குமே வரக் கூடாது, யூனிகோட் அதை வேறு வகையில் வைத்திருக்கிறது. 'கொ' என்ற எழுத்தை ஒரே ஒகரக் குறியோடும் பதியலாம், எகரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டாவது வடிவத்தில் எழுதிய பெயர் சி++23 விதிப்படி செல்லாது. இந்த விதி இல்லாவிட்டால் கண்ணுக்கு ஒன்றாகவும் கம்பைலருக்கு இரண்டாகவும் தெரியும் மாறிகளை வைத்துக்கொண்டு நாம் திண்டாடுவோம்.

பழைய கோடு உடையக் கூடாது என்ற கவலை சி++-க்கு மட்டும் உரியதில்லை. ஜாவாஸ்கிரிப்டில் அடுக்குக்குள் அடுக்காக இருக்கும் அரேயைச் சமமாக்கும் மெத்தடுக்கு ஃபிளாட்டன் என்று பெயர் வைத்திருந்தார்கள். மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி அதே பெயரைத் தன் வழியில் பயன்படுத்தியிருந்ததால், ஏதோ ஒரு பழைய தளம் உடைந்தது 2018-இல் தெரிந்தது. பெயரை ஃபிளாட் என்று மாற்றினார்கள். ஜாவாஸ்கிரிப்டின் தரநிலைக் குழுவிடமிருந்து சி++ கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு. அங்கே பொதுச் சோதனைத் தொகுப்பு இருக்கிறது. அதில் தேறும் இரண்டு செயலாக்கங்கள் இல்லாமல் எந்த வசதியும் கடைசி நிலையைத் தொடாது. சி++ குழு செய்முறை அனுபவத்தைக் கேட்கிறது, ஆனால் இவ்வளவு கறாரான விதி வைத்திருக்கவில்லை. வைத்திருந்தால், ஹெடர் ஃபைல்களுக்கு மாற்றாக வந்த மாட்யூல்ஸ் போன்ற வசதி இன்னும் பக்குவப்பட்டு வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சி++-க்குக் கூடுதலாக பைனரிப் பொருத்தம் என்ற சுமையும் உண்டு: முன்பே கம்பைல் செய்ததும் புதியதும் ஒன்றாக இணைய வேண்டும். காப்பி செய்யும்போது உள்ளடக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஸ்ட்ரிங்கை சி++11 தடை செய்தது. ஜிசிசி அதற்காகத் தன் ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பை மாற்றியது 2015-இல், ஐந்தாம் பதிப்பில். பழைய அமைப்போடு கம்பைல் செய்த லைப்ரரியைப் புதியதோடு இணைக்கப் போய் லிங்கர் பிழையில் மாட்டியவர்கள் அநேகம் பேர். அந்த அனுபவத்துக்குப் பிறகு, ஏற்கெனவே வெளிவந்த ஆப்ஜெக்ட்டின் அமைப்பை மாற்றும் எந்த முன்மொழிவும் எளிதில் நகர்வதில்லை. முதல் தடவையே சரியாக இருக்க வேண்டும் என்ற அழுத்தம் அங்கிருந்து வருகிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதல் வேலையாக, நீங்கள் கோடு அனுப்பும் ஒவ்வொரு போர்டுக்கும் எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு, எந்த ஸ்டாண்டர்டு லைப்ரரி என்று பட்டியல் எடுங்கள். கட்டுப்பாட்டுக் கருவி விற்பவர் தரும் கிராஸ் கம்பைலர்தான் பெரும்பாலும் மிகப் பழையதாக இருக்கும். உங்கள் தரநிலையைத் தீர்மானிப்பது அதுதான், ஐஎஸ்ஓ தேதி இல்லை. மொழியையும் லைப்ரரியையும் தனித்தனியாகப் பாருங்கள். லினக்ஸில் கிளாங் பெரும்பாலும் ஜிசிசியின் லைப்ரரியைத்தான் பயன்படுத்தும். கம்பைலர் புதிது, லைப்ரரி பழையது என்ற நிலை சாதாரணம். மொழிப் பதிப்பைச் சொல்லும் மேக்ரோ சி++17-க்கு 201703, சி++20-க்கு 202002, சி++23-க்கு 202302 தரும். மைக்ரோசாஃப்ட் கம்பைலர் தனிக் கொடி கொடுக்காதவரை 199711 என்றே சொல்லும். அதை நம்பி ஏமாறாதீர்கள். பதிப்பு எண்ணைவிட ஒவ்வொரு வசதிக்கும் உள்ள ஃபீச்சர் டெஸ்ட் மேக்ரோவைச் சோதிப்பதே நல்லது.

எல்லா போர்டும் அனுமதித்தால் சி++20-க்கு இப்போதே போகலாம், மாட்யூல்ஸை மட்டும் தள்ளிவையுங்கள். பில்ட் கருவியான சிமேக் அதை முறையாக ஆதரிக்கத் தொடங்கியதே 3.28-இலிருந்துதான். மாறும் முன் ஒரு வெளியீடு முழுக்க இரண்டு தரநிலையிலும் பில்ட் ஓட்டுங்கள். உடைய வாய்ப்புள்ள இடங்கள் தெரிந்தவைதான். யு8 என்று தொடங்கும் ஸ்ட்ரிங்கின் டைப் மாறியிருக்கிறது. கம்பைலர் ஒப்பீட்டு ஆபரேட்டரைத் திருப்பிப் போட்டும் பார்ப்பதால், நீங்களே எழுதிய சமன் ஆபரேட்டர் குழப்பம் தரலாம், சில இடத்தில் தன்னையே அழைத்துக்கொண்டு முடிவில்லாமல் சுற்றலாம். கன்ஸ்ட்ரக்டரை அறிவித்த ஸ்ட்ரக்ட் இனி அக்ரிகேட் ஆகாது, அதாவது அடைப்புக்குள் மதிப்புகளை வரிசையாகக் கொடுத்து அதன் உறுப்புகளை நேராக நிரப்ப முடியாது.

உங்களைப் போன்றவர்களைத் தொட்ட ஒன்று வோலட்டைல், மாறியின் மதிப்பு நிரலுக்கு வெளியிலிருந்தும் மாறலாம் என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிச்சொல். ஹார்டுவேர் ரிஜிஸ்டரில் ஒரு பிட்டை ஏற்ற, இறக்க நீங்கள் எழுதும் கூட்டு ஒதுக்கீட்டை (|=, &= போன்றவை) சி++20 கைவிடத்தக்கது என்று அறிவித்தது. உள்பொதி மென்பொருள் எழுதுகிறவர்கள், தயாரிப்பாளர் தரும் ஹெடர் முழுக்க இப்படித்தான் இருக்கிறது என்று எதிர்த்த பிறகு, பிட் ஆபரேட்டர்களுக்கு சி++23 அதைத் திரும்பப் பெற்றது. எச்சரிக்கை வந்தால் பயந்துபோய் ரிஜிஸ்டர் கோடைத் திருத்த வேண்டாம். வரைவு வெளிவரும் நாட்களில் உங்கள் கோடை அதில் ஓட்டிப் பார்த்து, உடைந்ததைச் சொல்லியிருந்தால் அந்த மூன்று வருடச் சுற்று மிச்சம். குறையைப் பதிவு செய்ய உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. பத்து வரிக்குள் அடங்கும் எடுத்துக்காட்டு, எதிர்பார்த்தது என்ன, வரைவு சொல்வது என்ன என்று எழுதி மையக் குழுவின் பிரச்சினைப் பட்டியலுக்கு அனுப்பலாம். முன்மொழிவும் யாரும் எழுதலாம், கூட்டத்தில் எடுத்துவைக்க ஒருவர் வேண்டும் அவ்வளவுதான். அதிகாரபூர்வ நாட்டுக் கருத்து மட்டும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் போன்ற உறுப்பு அமைப்பு வழியாகத்தான் போக முடியும்.

சோதனைக்காக எக்ஸ்பெரிமெண்டல் என்ற நேம்ஸ்பேஸில் வரும் எதையும் வாடிக்கையாளருக்குப் போகும் ஹெடரில் வைக்காதீர்கள். தொழில்நுட்ப விவரக்குறிப்பாக வெளிவந்தும் தரநிலைக்குள் வராமலே போனவை உண்டு. 2018-இல் வெளியான நெட்வொர்க்கிங் விவரக்குறிப்பு சி++23-இலும் இல்லை.

காண்ட்ராக்ட்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். இப்போதே மூன்று மேக்ரோ வைத்துக்கொள்ளுங்கள்: நுழையும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று, நடுவில் ஒன்று. உள்ளே எழுதும் நிபந்தனையில் எந்த மாறியும் மாறக் கூடாது, ரிஜிஸ்டரைப் படிக்கவும் கூடாது. சோதனையை அணைத்தாலும் இயந்திரம் அதே போல் ஓட வேண்டும். நுழைவு நிபந்தனைகளை ஃபங்ஷன் உடலின் முதல் வரிகளிலேயே வையுங்கள். சி++26-இல் அவை அறிவிப்பின் பக்கத்துக்கு நகரும், மேக்ரோவிலிருந்து எடுத்து அங்கே வைப்பது அப்போது பெரும்பாலும் இயந்திரத்தனமான வேலையாகவே இருக்கும். வாடிக்கையாளர் இடத்தில் ஓடும் பில்டில் நிபந்தனை தவறினால் நிறுத்துவதா, பதிந்துவிட்டுத் தொடர்வதா என்பதை ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனியாக உங்கள் பாதுகாப்புப் பொறியாளரோடு உட்கார்ந்து இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். எந்தத் தரநிலையும் உங்களுக்காக அதை முடிவு செய்யாது.